அக்கரைக்காரரின் அரைப் பல்

...ஒரு எழுத்து, தம்பி! ஒத்த எழுத்து! அதை ஒழுங்கா எழுதத் தெரியாதவங்களை வச்சுக்கிட்டு எப்படி வெள்ளத்துல இருந்து ஊரைக் காப்பாத்துறது, நீங்களே சொல்லுங்க. ஐயோ, சொல்ல வேணாம், சொல்ல வேணாம்! வாயை மூடாதீங்க. இன்னும் பஞ்சே வைக்கல, அதுக்குள்ள மூடுறீங்க. தலையை இந்தத் திண்டுல சாய்ங்க. ஆங்... அப்படித்தான்.

‘அக்கறைக் குழு’ன்னு எழுதச் சொன்னேன். பெரிய ‘ற’. அந்தப் பெயிண்டர் மகராசன் சின்ன ‘ர’வைப் போட்டு ‘அக்கரைக் குழு’ன்னு பலகையை மாட்டிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான், எங்க பக்கத்துச் சனம் பூரா கொதிச்சிருச்சு. ‘அதெப்படி, அக்கரைக்காரங்க பேர்ல குழு? அப்ப இக்கரையில இருக்கிற நாங்க இளிச்சவாயனுங்களா?’ன்னு. அதுக்கு மூணு கூட்டம் போட்டோம் தம்பி, மூணு கூட்டம்! ஆத்துல தண்ணி ஏறுனா என்ன பண்றதுன்னு பேச ஒரே ஒரு கூட்டம். அதுலயும் பாதிப்பேர் பிஸ்கட் வந்ததும் எழுந்திரிச்சாச்சு. உங்க பக்கத்துல விழுந்து விழுந்து சிரிச்சீங்களாமே? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். கண்ணைப் பார்த்தாலே தெரியுது.

இப்ப ஊசி. சுருக்குன்னு இருக்கும்... இன்னும் ஒண்ணு... முடிஞ்சுது. பார்த்தீங்களா, நான் பேசிட்டே இருந்தா வலி தெரியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் தலைவலின்னு சொல்லுவாரு.

மரத்துப் போக அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள இந்த உடைஞ்ச பல்லைப் பார்க்கலாம். அடடா... சரி பாதி போயிருக்கு. குறுக்கால. நல்லவேளை, நரம்பு வெளிய வரல. மூணு வாரமா இப்படியே திரியுறீங்களே, காத்து பட்டாலே உச்சி மண்டை வரைக்கும் கூசியிருக்குமே? உடனே வரவேண்டியதுதானே? ஓ, பாலத்தைத் தாண்ட அனுமதிச் சீட்டு வாங்க மூணு வாரமா... ஆமா ஆமா. வெள்ளத்தன்னைக்குச் சீட்டு இல்லாம வந்தவருக்கு, பல்லுக்குச் சீட்டு குடுக்க மட்டும் மூணு வாரம்.

எல்லாம் இந்த ரெண்டு அரசாங்கம் படுத்துற பாடு. ஓடுறது ஒரே ஆறு. இடது பக்கம் ஒருத்தரோடது, வலது பக்கம் இன்னொருத்தரோடது. மேல, உங்க பக்கம் ஆறு திரும்புற அந்த மேல்வளைவுல தண்ணி ஏறிச்சுன்னா உங்க ஆபீஸ்ல இருந்து உங்க தலைநகருக்குக் கடுதாசி போகணும். அங்கிருந்து எங்க தலைநகருக்கு. அங்கிருந்து எங்க ஆபீசுக்கு. கடுதாசி வந்து சேரப் பதினோரு நாள், தண்ணி வந்து சேர ரெண்டு மணி நேரம்! குழு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒரு பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? தண்ணி வடிஞ்சு, சேத்தை அள்ளிக் கொட்டி, சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சு முடிச்ச அப்புறம் வருது, ‘வெள்ளம் வரக்கூடும், எச்சரிக்கையாக இருக்கவும்’னு. முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு!

அதனாலதானே நாமளே சேர்ந்தோம். பேக்கரிக்காரங்க, தையக்காரர், பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறவர், பல்லு பிடுங்குற நான், ஆத்துத் தண்ணிக்கு அளவுகோல் பார்க்குற நீங்க. பெரிய மனுசங்க ரெண்டு பக்கமும் முறைச்சுக்கிட்டு நிக்கட்டும், நாம போன்ல பேசிக்குவோம்னு. ஏற்பாடு ரொம்பச் சுளுவு. நீங்க மேல்வளைவுல குச்சியைப் பார்த்து எனக்குப் போன் பண்ணணும். நான் பேக்கரி அக்காவுக்கு. பேக்கரி அக்கா பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா தாழ்வான தெருவுல இருக்கிறவங்க எல்லாம் மேட்டுக்கு ஏறணும்.

ஏன் முதல் போன் எனக்குன்னு கேட்டா, ‘டாக்டரம்மா எங்கயும் போகமாட்டாங்க, போன் பக்கத்துலயே இருப்பாங்க’ன்னு ஊரே சொல்லிருச்சு. உங்ககிட்ட இன்னொரு நம்பரும் குடுத்து வைக்கலாமான்னு பேக்கரி அக்கா கேட்டாங்க. நான்தான், ‘எதுக்கு அக்கா? நான் இருக்கேன்ல’ன்னு... சரி, அதை விடுங்க.

உதட்டைத் தட்டுறேன், தெரியுதா? இன்னும் தெரியுதா? சரி, காத்திருப்போம்.

ஒத்திகை பார்த்தோமே, அந்தக் கூத்தை நீங்க நேர்ல பார்க்கல இல்ல? நீங்க எனக்குச் சொன்னது என்ன? ‘தண்ணி ஏழடி, எல்லாரையும் மாடிக்கு ஏத்துங்க.’ நான் அச்சு மாறாம பேக்கரி அக்காவுக்குச் சொல்லணும்னு பார்க்கிறேன், போனை எடுத்தாத்தானே? மூணு தடவை அடிச்ச அப்புறம் எடுத்து, ‘மாவு மூட்டைக்கு அடியில கெடந்துச்சு டாக்டரம்மா’ங்கிறாங்க. போன் இருக்கிற இடமா அது? அவங்க பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி, பள்ளிக்கூடத்துல இருந்து தெருவுக்குப் போறதுக்குள்ள அது என்னவா ஆயிருச்சு தெரியுமா? ‘தண்ணி வண்டி ஏழு வருது, மாடித் தொட்டியில ஏத்திக்குங்க!’ போய்ப் பார்த்தா, தெருப் பூரா சனம் வாளியும் குடமுமா வரிசையில நிக்குது. வெள்ளத்துக்கு ஒத்திகைன்னா குடத்தோட வந்து நிக்கிற ஊரு உலகத்துலயே எங்க ஊரு ஒண்ணுதான்.

சிரிக்காதீங்க! பஞ்சு நழுவுது.

அன்னையில இருந்தே எனக்கு அந்தம்மா மேல ஒரு இது. ‘இவங்களை நம்பியா தெருவே தூங்குது’ன்னு. அதனாலதான், நிஜ வெள்ளம் வந்தன்னைக்குச் சரியான நேரத்துல மணி அடிக்கலைன்னதும், எல்லார் வாயிலயும் ஒரே பேச்சு. ‘பேக்கரியில போனை எடுத்திருக்க மாட்டாங்க. மறுபடியும் மாவு மூட்டை!’ நான் சொல்லல தம்பி. ஊரு சொல்லுச்சு. நான் வாயே திறக்கல.

இப்ப மரத்துருச்சா? நல்லது. இந்தக் குழாய் எச்சியை உறிஞ்சும், கர்ருன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. முதல்ல ஓரத்தைத் தேய்ச்சு விடுறேன்.

நீங்க என்ன மனுசன் தம்பி! நிஜமாத்தான் கேக்கிறேன். உங்க கரை மேடு. ஆறு எவ்வளவு ஏறினாலும் உங்க வீட்டு வாசப்படி நனையாது. மூழ்குறது எங்க தெருதான். பேசாம, ‘நம்ம வேலை முடிஞ்சுது’ன்னு குச்சியில எழுதியிருந்த அளவை நோட்டுல குறிச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பட்டப் பகல்ல, கொட்டுற மழையில, மேல்வளைவுல இருந்து பாலம் வரைக்கும் ஓடி வந்திருக்கீங்க. அது எவ்வளவு தூரம்! எங்க காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கி ‘நில்லு’ன்னானாம். நிக்காம தடுப்புக் கம்பிக்கு அடியில குனிஞ்சு, வழுக்கி, இரும்புல மூஞ்சி மோதி... இந்தப் பல்லு அங்க போனதுதானே? பாதி எங்க ஆத்துலயா உங்க ஆத்துலயான்னு ரெண்டு அரசாங்கமும் இன்னும் முடிவு பண்ணல.

காவல்காரன் வந்து சொன்னான் என்கிட்ட. ‘வாயெல்லாம் ரத்தம் டாக்டரம்மா. என்னமோ சொல்றாரு, ஒண்ணும் புரியல. கையை நீட்டி ஆத்தைக் காட்டுனாரு. அப்புறம்தான் நான் திரும்பித் தண்ணியைப் பார்த்தேன்’னு. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, உங்க விஷயத்துல அப்படியே ஆயிருச்சு. அவன் கம்பியைத் தூக்கி விட்டு, ஊதலை ஊதிக்கிட்டே உங்க பின்னாடியே ஓடி வந்திருக்கான். அதுக்கு அவனுக்கு மேலிடத்துல இருந்து ஓலை. ‘சீட்டு இல்லாத ஒருவரை அனுமதித்ததோடு, அவருடன் சேர்ந்து ஓடியது ஏன்?’னு விளக்கம் கேட்டு!

நேரா போய் நீங்களே பள்ளிக்கூடத்து மணிக் கயித்தைப் பிடிச்சு இழுத்தீங்களாம். அதனாலதான் தெரு தப்பிச்சுது. தையக்காரரோட அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டு ஓடுனாங்க. கடைசி ஆள் மேட்டுல கால் வைக்கவும் தெருவுல இடுப்பளவு தண்ணி வரவும் சரியா இருந்துச்சாம். ஒரு கால் மணி நேரம் தாமதமாயிருந்தா... வேணாம், அதைப் பேச வேணாம். இத்தனை நாளா சோறு எறங்கல எனக்கு.

உயிர்ச்சேதம் இல்ல. ஆனா தையக்காரரோட மெஷின் ரெண்டும் போச்சு. பேக்கரியில அடுப்பு, மாவு எல்லாம் களிமண்ணாப் போச்சு. மாவும் போய், பேரும் போய், இன்னைக்கு அஞ்சு மணிக் கூட்டத்துல குழுவோட போன் பட்டியல்ல இருந்தே அவங்க பேரை எடுக்கப் போறாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்...

இப்ப நீல வெளிச்சம் பிடிக்கிறேன், கண்ணை மூடிக்குங்க. பூசுனது இறுகணும். எண்ணிக்கிட்டே இருங்க.

தம்பி... உங்களை ஒண்ணு கேக்கலாமா? ஊர்ல எல்லாரும் என்ன நினைச்சிட்டிருக்காங்கன்னா, நீங்க எனக்குப் போன்ல சொல்லிட்டீங்க, அப்புறமும் மணிச் சத்தம் கேக்கலைன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தீங்கன்னு. நீங்க அன்னைக்கு எத்தனை தடவை அடிச்சீங்க, எனக்கு? பேச வேணாம். விரலைக் காட்டுங்க.

...என்னது, ரெண்டு கையுமா?

ஒன்பதா? ஒன்பது தடவையா!

லைன்ல கோளாறுன்னு நினைச்சிருப்பீங்க இல்ல? மழைக்கு அப்படி ஆகும். மரம் விழும், கம்பி அறுந்து போகும்... தலையாட்டாதீங்க, பூச்சு கலையும். என்ன சத்தம் வந்துச்சு? ‘டொய்ங்... டொய்ங்...’ அதுவா? கோளாறுன்னா அந்தச் சத்தம் வராது. யாரோ பேசிட்டிருந்தாத்தான் வரும். ம்.

சரி. வாயில இவ்வளவு பஞ்சை வச்சுக்கிட்டு இருக்கிறவர்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்றது?

பேசிட்டிருந்தது நான்தான். எங்க அண்ணிகிட்ட. முக்கால் மணி நேரம். நோயாளி யாரும் வரல, மழை. சும்மா நலம் விசாரிக்கலாம்னுதான் எடுத்தேன். என்ன பேசினேன்னு கேளுங்களேன், வெக்கக்கேட்டை. பேக்கரி அக்காவைப் பத்தித்தான்! ‘அவசரத்துக்குன்னு வச்ச போனை மாவு மூட்டைக்கு அடியில போடுறாங்க அண்ணி, பொறுப்பே இல்ல’ன்னு, அதே அவசரத்துக்குன்னு வச்ச போன்ல, முக்கால் மணி நேரம்! நடுவுல அண்ணி கூட, ‘உங்க பக்கம் மழை எப்படி?’ன்னாங்க. ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சொல்றதைக் கேளுங்க’ன்னேன். வெளிய மணிச் சத்தம் கேட்ட அப்புறம்தான் வச்சேன். அப்பக் கூட, ‘நானே சொல்லல, யாரு மணியடிக்கிறது?’ன்னு கோவம் வந்துச்சே தவிர, வேற ஒண்ணும் தோணல.

மறுநாள் கூட்டத்துல ஊரு பேக்கரி அக்காவைத் திட்ட ஆரம்பிச்சுது. அவங்க, ‘எனக்குப் போனே வரல’ன்னாங்க. யாரும் நம்பல. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க எல்லாரும். நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ‘மழையில லைனு...’ன்னு இழுத்தேன். இருபத்தஞ்சு வருஷமா ஊரு வாயைத் திறக்க வைக்கிறவ, என் வாய் அன்னைக்குத் திறக்கல.

இன்னைக்குக் கூட்டத்துக்கு நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் தெரிஞ்சுது. ‘போற வழியில பல்லையும் பார்த்துட்டு வர்றேன்’னு நீங்க சொல்லி அனுப்பினதும் நான் முதல்ல ஊசி மருந்தைத்தான் எடுத்து வச்சேன். அந்த ஊசி இருக்கே... அஞ்சு, அஞ்சரை வரைக்கும் உதடு மரத்துத்தான் இருக்கும். கூட்டத்துல நீங்க பேசினா குழறும். ஒரு ஊசி போட்டிருந்தாலே போதும், நான் ரெண்டு போட்டேன். வேணும்னே செய்யல. கொஞ்சம்... சரி, வேணும்னேதான். முறைக்காதீங்க. பல்லு நல்லாத்தான் கட்டியிருக்கேன், அதுல குறை வைக்கல.

கடிங்க. லேசா. இந்தத் தாளைக் கடிச்சு அசைங்க. உயரமா இருக்கா? இல்லையே? இந்தாங்க, வாயைக் கொப்புளிச்சுத் துப்புங்க. கண்ணாடியைப் பாருங்க. பழைய பல்லை விட அழகா இருக்கு. எழுந்திரிக்கிறீங்களா... மெதுவா, மெதுவா.

என்ன தேடுறீங்க? பேனாவா? எதுக்கு? இந்தாங்க, மருந்து எழுதுற சீட்டு, இதுலயே எழுதுங்க. புகார் எழுதுறீங்களா? எழுதுங்க. எனக்கு நல்லா வேணும்.

குடுங்க, பார்ப்போம். என்ன கையெழுத்து இது, நானே டாக்டர், எனக்கே புரியல... ‘பேக்கரி அக்காவுக்குத் தெரியும். மணி அடிச்சுட்டு வந்தப்ப அவங்கதான் வாயைத் துடைச்சு விட்டாங்க. உங்க போன்ல யாரோ பேசிட்டே இருந்தாங்கன்னு அப்பவே சொன்னேன்...’

அப்பவேவா?

‘...ஊர்ல நான் சொல்லவான்னு கேட்டேன். வேணாம், டாக்டரம்மாவே சொல்லட்டும்னாங்க.’

மூணு வாரமாவா? அந்தக் கூட்டத்துல, எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசினப்ப... என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, தம்பி. கோவத்துல பார்க்கிறாங்கன்னு நினைச்சேன். நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

மணி என்ன? நாலே கால். கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும். இந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி எங்க மாட்டுறது... இருக்கட்டும், போட்டுக்கிட்டே வர்றேன். நீங்களும் வர்றீங்களா? பேச வேணாம், சும்மா கூட நடங்க போதும்.

எனக்கு என்ன சொல்லி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.