மாலையில்லாத படம்

தலைமை தாங்கும் சச்சிதானந்தன் அண்ணை அவர்களே, சுவிஸ் லாங்கன்தால் ஊர் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோரே, சமையலறை வாசலில் நின்றே கேட்கும் தாய்மாரே, வணக்கம்!

விடை தெரியாத கேள்வியோடு மேடையேறியிருக்கிறேன். மகன் இறந்தான் என்ற கடிதத்தைக் காட்டி மகளைக் காத்த தாய், அவன் இறந்ததை நம்பியே ஆகவேண்டுமா? எனக்குத் தெரியாது.

வன்னிப் போரில் இயக்கத்தினர் போராட வீட்டுக்கு ஒருவரைக் கேட்டார்கள். தில்லைநாயகி அக்காவின் மகன் சிந்துஜன் போனான். உடல் வரவில்லை, கடிதம் வந்தது. ஒருவரை இழந்த வீடு, இன்னொருவரைக் கேட்கவேண்டாம் என்ற விலக்குக் கடிதம். மகளைக் கேட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் அக்கா அதை நீட்டினார். வெறுங்கையோடு திரும்பினார்கள். மகள் மிதுஷா மிஞ்சினாள்.

பிறகு சுவிஸ். அகதி விசாரணையில் இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். பிள்ளைகள் எத்தனை? "இரண்டு" என்றார் தாய். சகோதரர் உண்டா? "இல்லை" என்றாள் மகள். முரண்பாடு! விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

மேன்முறையீட்டுக்கு மொழிபெயர்க்கப் போன நானும் அக்கா சொன்னதை நம்பவில்லை.

"அக்கா, ஒண்டைச் சொல்லுங்கோ. மகன் இருக்கிறாரோ, இல்லையோ?"

"நீர் படிச்சனீர்தானே. உடலைக் காட்டும், ஒரு பிள்ளை எண்டு சொல்லுறன்."

மிதுஷா வெடித்தாள். "அம்மா, நீங்கள் சொன்ன உந்த 'இரண்டு'தான் எங்களைத் திருப்பி அனுப்பப்போகுது!"

அக்கா சுவரைக் காட்டினார். சிந்துஜனின் படம். மாலை இல்லை.

முன்வரிசையில் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கு விளங்கும். அந்த மாலையைப் போட்டால், மகனை முடித்துவைப்பது தாயின் கையல்லவா? அதிகாரிக்கு அது எப்படி விளங்கும்? யார் சொன்னார்கள் அவருக்கு?

நான் எழுதினேன். மாலையிட்ட படம் எதைச் சொல்கிறது, மாலையில்லாத படம் எதைச் சொல்ல மறுக்கிறது என்று எழுதினேன். கடிதத்தையும் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன். மகளைக் காத்த கடிதமும் மெய். மகனைக் கைவிடாத மனமும் மெய். ஏழு மாதம் காத்திருந்தோம்.

வென்றோம், சபையோரே! ஒரு சொல்லை மாற்றாமல் வென்றோம்! ஒரு பிள்ளையை மறைக்காமல் வென்றோம்! கைதட்டுங்கள். எனக்கல்ல, அதோ தேநீர்த் தட்டோடு நிற்கும் அக்காவுக்கு!

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், "பிறகாவது மாலை போட்டவவோ?" என்று. இல்லை ஐயா. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும். தீர்ப்பு வந்த மறுநாள் நடந்ததைச் சொல்லி இறங்குகிறேன்.

மறுநாள் தாயும் மகளும் நகரசபையில் பெயர் பதியப் போனார்கள். சகோதரர் உண்டா என்று கவுண்டரில் இருந்த பெண் மிதுஷாவைக் கேட்டார்.

"ஓம்," என்றாள் மிதுஷா, தமிழிலேயே. பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "ஒரு அண்ணன்."