மெ, தெ, லெ, லா

இல்லக்கா, செபமாலை சொல்லல்ல. வாய்க்குள்ள முணுமுணுக்கிறத பாத்து நினைச்சிட்டீங்க போல. இது பிரெஞ்சு. மெ, தெ, லெ, லா. மெ எண்டா எனக்கு, தெ எண்டா உனக்கு, லெ, லா எண்டா அத. ஆம்பிளச் சாமானுக்கு லெ, பொம்பிளச் சாமானுக்கு லா. சிரிக்காதீங்க, அங்க கரண்டியும் பொம்பிளதான்.

ஓம், கண்டக்குழிதான் எங்கட ஊர். இந்த பஸ்ஸிலதான் சிலாபத்துக்குப் போறன், அனஸ்தாசியா சிஸ்டரிட்ட இத படிக்க. என்ர அவர் பிரான்ஸில, சாப்பாட்டுக் கடையில. சண்டை முடிஞ்ச கையோட போனவர். போகக்குள்ள சொன்னார், நீ பாஷைய படிச்சிடு, கூப்பிடுறன் எண்டு.

நானும் படிச்சன். மத்ததெல்லாம் வந்திச்சு, இந்தச் சின்னச் சொல்லுகள அடுக்கிறதுதான் வரல்ல. நாங்க அத எனக்குத் தாறியா எண்டாலும் சரி, எனக்கு அத தாறியா எண்டாலும் சரி. தாறியா எனக்கு அத எண்டு கத்தினாலும் குடுப்பாங்கதானே. அங்க அப்பிடி ஏலாது. மெ முன்னுக்கு வரணும், லா அதுக்குப் பிறகு, தாறியா கடைசியில. மாறினா இவர் ஃபோனில சிரிப்பார். இதோட வந்தியெண்டா உன்ன ஆக்கள் பகிடி பண்ணுவாங்க, அடுத்த வரிசம் பாப்பம் எண்டுவார். எத்தன அடுத்த வரிசம் போயிட்டுது! நான் மடச்சி, என்ர வாயத்தான் பிழை சொல்லிக்கொண்டிருந்தன்.

போன மாசம் எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கதைச்சு முடிச்சிட்டு நிப்பாட்ட மறந்திட்டார் போல. பின்னால ஒரு பொம்பிள குரல். து மெ லா தொன்? அக்கா, எனக்கு உடன விளங்கிச்சு! நீ எனக்கு அத தாறியா. ஒவ்வொரு சொல்லும் அதது இடத்தில நிக்குது. துள்ளிட்டன்.

து எண்டதுதான் கொஞ்சம் குத்திச்சு. வெளி ஆக்களுக்கு வூ, வீட்டாக்களுக்குத்தான் து எண்டு இவர்தான் எனக்குச் சொல்லித் தந்தவர். நான் அவர ஒருநாளும் நீ எண்டதில்ல, து சொல்லவே நாக்கு கூசும். சரி, கூட வேல செய்றவ, கரண்டி கேக்கிறா எண்டு மனச தேத்திக்கொண்டன்.

அத சிஸ்டரிட்டப் போட்டுக் காட்டினன். பெருமைக்குத்தான், வேறென்ன. நான் எப்பவும் அந்த இடத்தோட நிப்பாட்டி, திருப்பித் திருப்பி அதையே கேப்பன். சிஸ்டர் கடைசிமட்டும் ஓட விட்டா. பிறகு என்ர முகத்த பாத்தா.

நீ அடுக்கினது சரி மகள் எண்டா. லாவுக்கு அத எண்டும் வரும், அவள எண்டும் வரும், இதில வந்திருக்கிறது அவள எண்டு சொன்னா.

விளங்கல்லயா? எனக்கும் விளங்கல்ல. சிஸ்டர் திரும்பப் போட்டா. அவள என்னட்டத் தாறியா எண்டு அந்தப் பொம்பிள கேக்கிறா. ஒரு சின்னப்பிள்ள சிணுங்குது. இவர் சொல்றார், பப்பா இந்தா வாறன், பப்பா இந்தா வாறன் எண்டு. பிரெஞ்சிலதான் சொல்றார். பப்பா எல்லாப் பாஷையிலயும் பப்பாதானே.

வேற ஒருத்தியோட குடும்பம் நடத்திக்கொண்டு, இங்க எனக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறார்.

இல்ல, அவரிட்ட ஒண்டும் கேக்கல்ல. எனக்குத் தெரியுமெண்டு அவருக்கு இன்னும் தெரியாது. நேத்தும் எடுத்தார். பாடம் எப்பிடிப் போகுது, ஒண்டு சொல்லு பாப்பம் எண்டார். வேணுமெண்டே லாவ முன்னுக்கும் மெய பின்னுக்கும் போட்டு, குழப்பிச் சொன்னன்.

பரவாயில்ல, அவசரமில்ல, ஆறுதலாப் படி எண்டார். அந்தக் குரல நீங்க கேட்டிருக்கணும். மனுசனுக்கு அவ்வளவு நிம்மதி.