எந்தப் பக்கம் இழுக்கிறது

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் எல்லோரும் முதலில் வீல் அலைன்மென்ட் பார்த்தவனைத்தான் திட்டுவார்கள். எனக்கு அது பழகிப்போன விஷயம். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். திட்டிவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் பிறகு வந்து, காரணம் வேறு என்று சொல்லித் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

பேப்பரும் பேனாவும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள், சார். உங்கள் மேஜையில் இருக்கும் விபத்து அறிக்கையைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். "அலைன்மென்ட் கோளாறு, மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்று இருக்கிறது. அதை எழுதிய புண்ணியவான் வாழ்க்கையில் ஒரு சக்கரத்தையாவது கழற்றியிருப்பாரா என்று தெரியவில்லை. ஆகவே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். போன மாதம் வண்டி ஒரு பள்ளத்தில் வேகமாக விழுந்து எழுந்தது என்று கொண்டுவந்தார். அலைன்மென்ட் செய்து கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தார். நேரான ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஓரத்துக்கு ஒதுங்குகிறதாம். மறுபடி மெஷினில் ஏற்றினேன். திரையில் ஒரு எண் விடாமல் எல்லாம் பச்சை. காற்று சரி, பிரேக் எந்தச் சக்கரத்திலும் உரசவில்லை. ஓட்டிப் பார்த்தேன். இழுத்தது உண்மைதான்.

"டயரா இருக்கும் மாப்பிள்ளை. முன்னாடி ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டுப் பார்த்துடலாம்" என்றேன்.

"டயர் போட்டு நாலு மாசம்கூட ஆகல மச்சான். உங்க தப்பைத் தூக்கி டயர் தலையில கட்டாதீங்க."

பட்டறையில் அப்போது நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பொறுத்துக்கொண்டேன். தங்கை வீட்டுக்காரர் ஆயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய ஆபீஸ் ஆட்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். "எங்க மச்சான் அலைன்மென்ட் பண்ணின வண்டியில ஏறினா, நீங்க ஒரு பக்கம் போவீங்க, வண்டி ஒரு பக்கம் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் தண்ணீர் ஜக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சொன்னதைக்கூட மறந்திருப்பேன். அவள் சிரித்ததுதான் வலித்தது.

மூன்றாவது முறை வந்தபோது சாவியை என் மேஜையில் வீசினார். "நாளைக்குக் காலைல வெளியூர் போறேன். இன்னிக்காவது உருப்படியா பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

முன்சக்கரங்களைக் கழற்றினேன். ஓரத்துப் பக்கத்து டயரில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு சுற்று தடவினேன். உள்பக்கத்தில், வண்டிக்கு அடியில் படுத்தாலொழியக் கண்ணில் படாத இடத்தில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. பள்ளத்தில் விழுந்தபோது டயருக்குள் இருக்கும் கம்பி அறுந்திருக்கிறது. இழுத்ததற்கு அதுதான் காரணம். நான் சொன்னதேதான். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த டயரை அங்கேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டுக் காட்டியும் இருக்கலாம். காட்டினால் என்ன சொல்லியிருப்பார்? இதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்டிருப்பார். மறுபடி என் தலையில்தான் வந்து விடியும். டிக்கியைத் திறந்தேன். மாற்று டயர், அதுதான் ஸ்டெப்னி, புத்தம் புதிது, காற்றும் கச்சிதம். டிக்கியை மூடினேன்.

பிறகு முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதுதான் முறையான சோதனை என்பார். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயர்மேல். மாறாவிட்டால் என்மேல். எனக்கு இனிச் சோதனை தேவையில்லை, அவருக்குத்தான் தேவைப்பட்டது. புடைத்த டயர் பழைய இடத்தில் வெடித்திருந்தால் வண்டி பெரும்பாலும் ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றிருக்கும். இப்போது அது எதிரே வண்டிகள் வரும் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதை நான் கவனிக்காமல் இல்லை.

"முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்தியிருக்கேன். எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்துப் போன் பண்ணுங்க மாப்பிள்ளை" என்று சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது.

"மச்சான், இப்ப நடுரோட்டுப் பக்கம் இழுக்குது. ஸ்டியரிங் வேற உதறுது. நீங்க சொன்னது சரிதான் போல. டயர்தான்."

ஸ்டியரிங் உதறினால் அந்த டயருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆயுசு என்று எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகாது. ஆனால் இதே பேச்சை அவர் அந்தச் சாப்பாட்டு மேஜையில் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கொஞ்சம் வேகமா போய்ப் பாருங்க. அப்பதான் நல்லாத் தெரியும்" என்றேன். போனை நானே வைத்தேன்.

எதிரே வந்த லாரியின் டிரைவருக்குக் கால் முறிந்ததாகச் சொன்னீர்கள். அவர் விஷயத்தில் வருத்தம்தான். அவர் பாவம் நேராகத்தான் வந்திருக்கிறார்.

நேற்று சாயங்காலம் தங்கை இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கவனக்குறைவுன்னா சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு வக்கீல் சொல்றார். எனக்கும் பிள்ளைக்கும் இனி உன்னை விட்டா யார் இருக்கா? தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துடு. உன்மேல எனக்குக் கோபமே இல்ல" என்றாள்.

அவள் அப்படித்தான் நம்புகிறாள். கடைசிவரை நம்பிக்கொண்டும் இருப்பாள். நான் அந்த ஒரு வரியை எழுதினால் போதும், நாளை மறுநாள் அவள் வீட்டில் இருப்பேன். எழுதிப் பார்த்தேன், சார். முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது.

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கொல்லவேண்டும் என்றுதான் செய்தேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது. எனக்கு வேலை தெரியும்.