ஏசடியாள் பிடி

பானையைத் திறந்த அன்று கோயிலுக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதக்கண் மூப்பர் ஒருவர். அவர் மனைவி சொர்ணம் ஒருத்தி. ஜெபம் நடத்தும் உபதேசியார் மாசிலாமணி ஒருவர். மற்ற ஒன்பது வீட்டுப் பெண்கள் ஒன்பது பேர். அவர்களுடைய ஆண்கள் ஏழு பேர். இரண்டு பேர் பிழைப்புக்குக் கொழும்பு போயிருந்தார்கள். பிள்ளைகள், இடுப்பில் இருந்ததையும் சேர்த்து, இருபத்து மூன்று. கடைசியாகக் கதவோரம் ஏசடியாள். ஆக நாற்பத்து மூன்று பேர். நாய் ஒன்றும் வந்திருந்ததாம். அது கணக்கில் இல்லை.

வெகு காலத்துக்கு முந்தி, பனையும் செம்மணல் மேடான தேரியும் தவிரக் கண்ணுக்கு வேறொன்றும் படாத சீமையில், உடையடிவிளை என்று ஒரு ஊர். கோயில் வாசலில் உடை என்கிற முள்மரம் ஒன்று நின்றதால் அந்தப் பெயர். வேதக்காரர் கோயில், அதாவது கிறிஸ்தவக் கோயில்; அதுவும் அப்போது ஓலைக் கோயில்தான். அந்த ஊரில் ஏசடியாள் என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப் போனான். மகன் ஒருவன், அந்த இருபத்து மூன்றில் அவனும் ஒன்று. அவன் வழியில் வந்தவன்தான் நான். கோயிலைப் பெருக்கி விளக்குத் துடைப்பது அவள் வேலை. அதற்காகக் கோயில் மனையில் ஒரு குடிசை கொடுத்திருந்தார்கள். கோயில் சாவியும் அவள் கையில் இருந்தது. இந்தச் சாவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் அன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டு, இன்றைக்கும் உண்டு. உலை வைக்கிற பெண், அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைக் கொட்டானில் கொண்டுவந்து கோயில் பானையில் கொட்டுவாள். கொட்டானை மூடித்தான் கொண்டுவர வேண்டும். யார் வீட்டுக் கொட்டானில் எவ்வளவு என்று யாரும் பார்க்கக் கூடாது. ஐப்பசியில் தொடங்கிச் சேரும் அரிசி, கிறிஸ்துமஸ் அசனத்துக்கு. அசனம் என்றால் ஊர்ச் சாப்பாடு. நாலு ஊர் ஆட்கள் வருவார்கள். வேதக்காரர், வேதக்காரர் அல்லாதவர் என்று பார்க்காமல் ஒரே பந்தியில் இலை போடுவார்கள்.

அந்த வருஷம் மழை இல்லை. கிணறு வற்றிவிட்டது. பதனீர் காலத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. முளைத்த பனங்கொட்டையை வெட்டி உள்ளே இருக்கும் வெள்ளைத் தவுனைத் தின்று பொழுதைப் போக்கினார்களாம். அரிசி வாங்க வழியிருந்தவர்களும் ஒரு வேளைதான் பொங்கினார்கள்.

பஞ்சம் வந்தால் பசி மட்டுமா வரும்? சந்தேகமும் கூடவே வரும். மூப்பர் ஒரு முத்திரைக் கட்டை செய்தார். பூவரசங் கட்டையில் சிலுவை செதுக்கியது. ஞாயிறு தோறும் பானையில் அரிசி விழுந்ததும் மேலே கையால் நிரவி, கட்டையை அழுத்திச் சிலுவை பதிப்பார். யாராவது கை வைத்தால் சிலுவை கலைந்து போகும் அல்லவா?

அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தார். சிலுவை கலைந்திருந்தது. மறுபடி நிரவினார், மறுபடி பதித்தார். அதற்கடுத்த ஞாயிறு திறந்து பார்த்தார். அன்றைக்கும் கலைந்திருந்தது.

சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகமாம். மூப்பர் உபதேசியாரைச் சந்தேகப்பட்டார். உபதேசியார் மூப்பரைச் சந்தேகப்பட்டார். மேலத்தெருப் பெண்கள் கீழத்தெருவைச் சந்தேகப்பட்டார்கள், கீழத்தெருப் பெண்கள் மேலத்தெருவை. ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதும் ஒரு கண் திறந்திருந்தது என்பார்கள். தன் வீட்டுப் பிடியை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

இந்த ஊரில் ஒரே ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அது ஏசடியாள். கோயிலைப் பெருக்கும்போது பாட்டு. குடத்தை எடுத்து வெகுதூரம் தண்ணீருக்கு நடக்கும்போதும் பாட்டு. எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு ஸ்தோத்திரம். சொர்ணத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"வயிறு காயுதவ இப்படியா சிரிப்பா? நம்ம மூஞ்சியெல்லாம் பாருங்கட்டி, அவிச்ச கிழங்கு மாதிரி தொங்குது. இவளுக்கு மட்டும் சிரிப்பு எங்கேருந்து வருது?"

"விடியுமுன்ன சுளகோட தேரிக்குப் போறா, மைனி. வரும்போது கொட்டானை மூடிக்கிட்டு வாரா," என்றாள் இன்னொருத்தி.

"அப்படிச் சொல்லு. மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிருக்கா."

சாவி அவள் கையில். சிரிப்பு அவள் முகத்தில். வேறென்ன வேண்டும்?

பண்டிகைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை. ஜெபம் முடிந்தது. நாற்பத்து மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, மூப்பர் பானையைத் திறந்தார். சிலுவை கலைந்திருந்தது. படியை எடுத்து அளந்தார். பத்து வீடு, வீட்டுக்குத் தினம் ஒரு பிடி, என்ன குறைந்தாலும் மூன்று மரக்கால் இருக்க வேண்டும். மரக்காலுக்கு எட்டுப் படி. ஆக இருபத்து நான்கு படி. அளந்தார். எட்டாவது படியில் பானை காலி. மூன்று மரக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே மரக்கால்.

அரிசியைச் சுளகில், அதாவது முறத்தில், பரப்பினாள் சொர்ணம். வெள்ளரிசிக்கு நடுவே சிவப்பும் கறுப்புமாய்ப் பொடி மணிகள் கிடந்தன. பக்கத்து ஊர்ச் சந்தையிலும் இல்லாத மணி, ஒரு வீட்டு உலையிலும் வேகாத மணி. சொர்ணம் விறுவிறு என்று கதவோரம் போய், ஏசடியாளின் கொட்டானைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அதிலிருந்து அதே மணி உதிர்ந்தது.

"பாத்தியளா! திருடுன கை, தன் வீட்டுக் குப்பையை உள்ள சிந்திட்டுப் போயிருக்கு!"

மூப்பர் கேட்டார்: "ஏசடியா, பானையில நீ கை வச்சியா?"

"வச்சேன், மூப்பரையா."

கோயில் முழுக்க இரைச்சல். உபதேசியார் மேசையைத் தட்டினார். மூப்பர் கையை உயர்த்தினார்.

"எதுக்கு வச்ச?"

"எம் பிடியைப் போட வச்சேன். சனிக்கிழமை பெருக்க வரும்போது போடுவேன்."

"உன் வீட்ல ஏதுளா அரிசி?"

"அரிசி இல்ல, ஐயா. புல்லரிசி. தேரியில எறும்பு சேத்து வச்சிருக்குமுல்லா, அது. புத்து வாசல்ல உமி வட்டமாக் கிடக்கும். தோண்டுனா உள்ள மணி இருக்கும். குத்திப் புடைச்சுக் காய்ச்சுனா கஞ்சி. நானும் பிள்ளையும் அதைத்தான் குடிக்கோம்."

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் வந்து போடுததுக்கு என்ன?" என்றாள் சொர்ணம்.

"போட்டா நீங்க என்ன சொல்லுவிய, மைனி? வெள்ளரிசியில மண்ணைக் கலக்குதான்னு சொல்லுவிய. அதான் தனியா வந்து, கண்ணுல படாம அடியில தள்ளிப் போட்டேன். மாட்டுக் கொட்டில்ல, புல்லு மேல பொறந்தவருக்குப் புல்லரிசி ஆகாதா? பிள்ளைக்கு அப்பன் செத்தப்போ, நாங்களும் பொழைக்க மாட்டோம்னு நெனச்சேன். இந்தப் பண்டிகைக்கும் நாங்க ரெண்டு பேரும் உயிரோட உக்காந்திருக்கோம். சந்தோசம் இருக்காதா? ஒரு பிடி போட மாட்டனா?"

ஒருவர் இருவர் தலை குனிந்தார்களாம். ஆனால் சந்தேகம் தீரவில்லை. மிச்சம் இரண்டு மரக்கால் எங்கே?

மூப்பர் தீர்ப்பைச் சொன்னார். "உன்னைத் திருடின்னு நான் சொல்லல. திருடி இல்லன்னும் சொல்லல. கணக்குப் பாத்துருவோம். கணக்கு உன் மேல நின்னா, நாளைக்குப் பந்தியில உனக்கு இலை கிடையாது. குடிசையையும் காலி பண்ணிரு. சரியா?"

"சரி, ஐயா," என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லையாம். மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

மூப்பர் வெறும் படியைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் அரிசிச் சுளகை வைத்தார். "வீட்டுக்கு ஒரு ஆள் எந்திரிச்சு வாங்க. வீட்ல தெனமும் யாரு பிடி எடுக்காவளோ அவங்களே வாங்க. எப்பவும் போல ஒரு பிடி எடுத்து இந்தப் படியில போடுங்க. எத்தனை பிடிக்கு ஒரு படி நிறையுதுன்னு தெரிஞ்சா, களவு போனது எவ்வளவுன்னு தெரிஞ்சு போகும்."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

எழுந்தது யார் தெரியுமா? பிள்ளைகள். அதிலும் ஒவ்வொரு வீட்டுக் கடைக்குட்டிகள். முதலில் ஒன்று ஓடியது. அடுத்து ஒன்று ஓடியது. ஒன்றுக்கு இடுப்பில் துணி இல்லை. ஒன்றுக்கு நடையே சரியாக வராது; விழுந்து எழுந்து ஓடியது. தாய்மார் எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். "ஏலே, வாலே இங்க!" "ஏட்டி, உக்காரு மூதி!" யார் கேட்டார்கள்? தினமும் செய்கிற வேலை. கோயில் மூப்பரே கூப்பிடுகிறார். வரிசையாகச் சுளகைச் சுற்றி வந்து நின்றன. ஒன்பது வீட்டுக்கு ஒன்பது.

பத்தாவது, மூப்பர் வீட்டிலேயே வளர்ந்த பேத்தி கிருபை. மற்ற பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அரிசிக்குள் கையை விட்டுக்கொண்டு, திரும்பிச் சொர்ணத்தைப் பார்த்துக் கேட்டதாம்:

"ஆச்சி, இன்னைக்குச் சின்னப் பிடியா எடுக்கணுமா, ரொம்பச் சின்னப் பிடியா எடுக்கணுமா?"

சொர்ணம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பஞ்சம். பிடி போடாவிட்டால் கடவுளுக்குக் குறை. முழுப் பிடி போட்டால் பிள்ளைகளுக்குக் குறை. ஒவ்வொரு தாயும் தனித்தனியே யோசித்து ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். கடைக்குட்டியின் கையால் எடுக்கச் சொல்லிவிட்டாள். அதுவும் கைப்பிடிதானே! பொய் இல்லையே! தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று பத்துப் பேரும் நினைத்திருந்தார்கள். மீதி ஒன்பது வீடு முழுப் பிடி போடுகிறது, யாரோ திருடுகிறார்கள் என்றும் பத்துப் பேரும் நினைத்திருந்தார்கள்.

கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஏசடியாள்தான். அடக்கிப் பார்த்தாளாம், முடியவில்லை. அவள் சிரித்ததும் கீழத்தெருப் பெண் ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து மேலத்தெருக்காரி சிரித்தாள். ஐப்பசியிலிருந்து யாரும் சிரிக்காத ஊர். சிரித்துச் சிரித்து, சிலபேர் அழுதார்கள். உபதேசியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். காரணம் தெரியாமல் பிள்ளைகளும் குதித்தன.

மூப்பர் சிரிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, சல்லடையை வாங்கி, வெள்ளரிசியையும் புல்லரிசியையும் தனியாகப் பிரித்து அளந்தார். வெள்ளரிசி ஆறு படி. அது பத்து வீடு போட்டது. புல்லரிசி இரண்டு படி. அது ஒரு வீடு போட்டது. இருபத்து நாலு படி சேர வேண்டுமானால் ஒரு வீட்டுப் பங்கு இரண்டு படிக்குச் சற்று மேலே. இரண்டு தடவை அளந்தார். அதே கணக்குத்தான் வந்தது. பிறகு எழுந்து, ஏசடியாள் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தப் பானையில விழுந்த முழுப் பிடி உன் பிடி ஒண்ணுதான் தாயி."

"ஐயோ, கையை இறக்குங்க மூப்பரையா. நாளைக்கு நாலு ஊரு ஆளு வரும். உலைக்கு வழியப் பாருங்க."

எல்லாரும் சுளகும் கொட்டானுமாகத் தேரிக்குக் கிளம்பினார்கள். சொர்ணமும் கிளம்பினாள். அவள் போனதற்குக் காரணம் வேறு. "கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன். எறும்பு அரிசி சேக்குமாம், இவ எடுப்பாளாம்," என்று முனகிக்கொண்டே போனாளாம். உமி வட்டத்தை ஏசடியாள் காட்டினாள். சொர்ணம் தோண்டினாள். உள்ளே மணி மணியாய் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி, கடைசி மணி வரை வழிக்கப் போனாள்.

ஏசடியாள் அவள் கையைப் பிடித்தாள். "ஒரு பிடி விட்டுருங்க, மைனி. அதுகளுக்கும் பிள்ளை குட்டி இருக்குல்லா?"

"எறும்பு எண்ணிப் பாக்கவா போவுது?"

"அதுக எண்ணாது. நாமதான் எண்ணணும்."

சொர்ணம் ஒரு பிடி விட்டு மண்ணை மூடினாள். அன்று சாயங்காலத்துக்குள் சேர்ந்த புல்லரிசி பதினோரு படி. கோயில் பானையில் இருந்த எட்டையும் சேர்த்தால் பத்தொன்பது. மறுநாள் அசனத்துக்கு அதைத்தான் பொங்கினார்கள். மூப்பர் முத்திரைக் கட்டையைத் தன் கையாலேயே அந்த அடுப்பில் வைத்தார். கஞ்சியும் முருங்கைக்கீரையும், ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டியும். ஊர்க்காரர் நாற்பத்து மூன்று, வெளியூர்க்காரர் நூற்றுப் பதினெட்டு. வரிசையில் முதல் இலை ஏசடியாளுக்குப் போட்டார்கள். அவள் உட்காரவில்லையாம், கடைசி ஆள் குடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் இரண்டு வழக்கம். ஒன்று, காணிக்கைப் பிடியை அந்த வீட்டிலேயே பெரிய கை யாருடையதோ அவர்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது என் கைதான். இரண்டாவது, அசன உலையில் அரிசி விழுமுன், சபையிலேயே சின்னப் பிள்ளை ஒரு பிடி எடுத்து வாசல் உடைமரத்தடியில் எறும்புப் புற்றில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஏசடியாள் பிடி.

முதல் வருஷம் மட்டும் பிள்ளை வைக்கவில்லை. பத்தொன்பது படியில் ஒரு பிடியை நிறுத்தி வைத்து, சொர்ணமே கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு வரவும் இல்லை. வேறு யாராவது அள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அங்கேயே உட்கார்ந்து காவல் காத்தாளாம். எறும்புகள் வரிசை பிடித்து வந்தன. ஒவ்வொன்றாய் இழுத்துக்கொண்டு போயின. பொழுது சாயும்போது வரிசை நின்றுவிட்டது. சொர்ணம் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருந்தன.

"ஏளா ஏசடியா, இங்க ஓடியா! இதுகளும் மிச்சம் வச்சிருக்கு!"

இரண்டு பேரும் மண்டியிட்டு எண்ணினார்கள். மீதி, ஏழு மணி.