வெய்யில் கொண்டுவந்த வள்ளம்

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "நேற்று என்ரை மனிசனை வெய்யில்தான் கரைக்குக் கொண்டுவந்தது."

"வெய்யிலோ? எப்பிடியக்கா?"

"நடுக்கடலிலை வள்ளத்தின்ரை இஞ்சின் நிண்டுபோச்சு. காலமை காத்தும் இல்லை. நான் கரையிலை நிண்டு அழுதன். மத்தியானம் மணல் கொதிச்சுது. தரை சூடேறினால் அங்கை இருக்கிற காத்து மேலை எழும்பும், கடல்காத்து அந்த இடத்துக்கு ஓடிவரும். மனிசன் அதுக்காகப் பாத்திருந்து, துடுப்பை நட்டுச் சாரத்தைப் பாயாய்க் கட்டினவர்."

"வந்து சேர்ந்திட்டாரோ?"

"ஓம். கரை முழுக்கச் சனம். ஆனால் மனிசன் வள்ளத்தை விட்டு இறங்கேல்லை."

"ஏனக்கா?"

"உடுத்திருந்த சாரமெல்லோ பாயாய் நிக்குது. நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, வேறை சாரம் எடுக்க வீட்டை ஓடினன்."