மூடிய கைக்குள் என்ன?

கிர்ர்ரீங்... கிர்ர்ரீங்...

மூன்றாவது தடவை. தலைமை ஆசிரியையின் மேஜை மேலிருந்த கறுப்பு டெலிபோன், பேனா ஸ்டாண்டு நடுங்கும்படி அலறியது.

முதல் இரண்டு தடவையும் எடுத்து, குரலைக் கேட்டதுமே பட்டென்று வைத்துவிட்டிருந்தாள் ராஜமேரி. சனிக்கிழமை காலை பதினொரு மணி. பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு அன்று அரைநாள்தான். தலைமை ஆசிரியை தருமபுரிக்குப் போயிருந்தார். அறையில் இருந்தது டிரில் டீச்சர் ராஜமேரியும் கிளார்க் ரோசம்மாவும் மட்டுமே.

ராஜமேரி பல்லைக் கடித்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

“ஹலோ... மாதேஸ்வரன்தான? ... தெரியும்யா, உன் கொரலு நல்லாவே தெரியும். உனக்கு வெக்கமே கெடையாதா? ... ஏன், வெச்சா என்ன? ... இங்க பாரு. இதுவரைக்கும் நாப்பது லெட்டரு. போன மாசம் ரெண்டு நாளு எங்க ஸ்கூல் கேட்டுல வந்து நின்ன. வாட்ச்மேன் தொரத்துனது பத்தலியா? இப்ப டிரங்க் கால் போட்டு... என்ன? ... என்ன சொன்ன? ... எது மேல?”

டி.வி.யில் முகம் தெரிந்தால் இந்தத் தொல்லையெல்லாம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் மெட்ராசுக்குப் போய்ப் பன்னிரண்டு வாரத்துக்கான உடற்பயிற்சி நிகழ்ச்சியை ஒரேயடியாகப் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்தாள். அது புதன்கிழமைதோறும் வந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கடையில் மிட்டாய் கொடுத்தார்கள். கூடவே இந்த மாதேஸ்வரனும் வந்து சேர்ந்தான். இண்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். பஞ்சாயத்து டி.வி. பெட்டியின் சாவியும் அவனிடம்தான். ‘நீங்கள் எங்களைப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்’ என்பதுதான் அவனுடைய முதல் கடிதத்தின் முதல் வரி. பென்சில் எழுத்தைப் பார்த்து, அரைகுறையாய்ப் படித்தவன் என்றுதான் நினைத்தாள்; அன்று ராத்திரி ராஜமேரி ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு படுத்தாள். அதற்குப் பிறகு வந்த ஒரு கடிதத்தையும் அவள் பிரிக்கவில்லை.

“...போதும் நிறுத்து. உம் பொண்ணு தொட்டி மேல ஏறி ஒத்தக் கால்ல நிக்கறா, நான் பேசுனாத்தான் எறங்குவா. அதானே? நல்லா கட்டறய்யா கதை. ... சத்தியமெல்லாம் பண்ணாத. ... நான் வெக்கறேன்.”

வைக்கவில்லை. அவன் குரலுக்குப் பின்னால் வேறு சத்தங்கள் இருந்தன. ஒரு கூட்டத்தின் இரைச்சல். யாரோ ஒரு பெண் மாரில் அடித்துக்கொள்வது கூடக் கேட்டது.

“அழறது யாரு? ... உன் சம்சாரமா? ... பொண்ணுக்கு என்ன வயசு? ... பதினொண்ணா!”

ராஜமேரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இருங்க. பதறாம சொல்லுங்க. எங்கருந்து பேசறீங்க? ... பஞ்சாயத்து ஆபீசா, தொட்டிக்கு எதுத்தாப்புலயேவா. ... தொட்டி எவ்ளோ ஒசரம்? ... அய்யோ. எப்பருந்து நிக்கறா? ... ஒம்போது மணியிலருந்தா! இந்த வெயில்லயா? ... ஏணியில ஆள ஏத்த வேண்டியதுதானே? ... ஓ. ஏறுனா விளிம்புக்குப் போயிடறாளா. ... ம். ... ம். ... யாரும் ஏற வேணாம். எறங்கச் சொல்லுங்க அந்தாள. ... ஆன்டெனாவா? ... ஒசரம் வேணும்னு தொட்டி மேல நட்டிருக்கீங்க, சரி. ... இன்னிக்கிக் கழட்டறாங்களா. அதுக்கு அவ ஏன்... என்னது? அந்தக் கம்பி வழியா நான் அவளப் பாக்கறேனா? யாருங்க சொன்னது? ... நானா!”

ரோசம்மா எழுந்து அருகில் வந்து நின்றாள்.

“நான் எப்பங்க அப்படி... ‘கடைசியில நிக்கற பொண்ணு, கைய இன்னும் தூக்கு கண்ணு.’ ... ஆமா. சொன்னேன். ... அது ஸ்டூடியோல எனக்கு எதுத்தாப்புல நின்ன பொண்ணுங்க! ... உங்க பொண்ணும் கூட்டத்துல கடைசியில நின்னாளா? ... தூக்குனாளா? ... ‘ஆங், அப்படித்தான்’ன்னேனா நான்...”

சொன்னது ஞாபகம் இருந்தது. ஸ்டூடியோ விளக்கின் சூட்டில் ஒரு பெண் கையைத் தொங்கப்போட்டாள். ராஜமேரி ஒரு அதட்டல் போட்டாள். அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டார்கள். எங்கோ ஒரு பஞ்சாயத்துக் கட்டிடத்து வாசலில், மண்தரையில், ஊரே உட்கார்ந்திருக்க, கடைசியில் நின்ற சின்னப் பெண் ஒருத்தி அந்த நிமிஷத்தில் கையை உயர்த்தியிருக்கிறாள்.

“...மூணு வாரமா சரியா சாப்புடறதில்லியா? ... நிகழ்ச்சி முடிஞ்சுபோச்சுன்னு சொல்லலியா நீங்க? ... சொன்னா நம்பலியா. ... அப்ப கேட்டுல வந்து நின்னீங்களே, இதச் சொல்லத்தானா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? ... ஆமா. ... ஆமா, விடல. சொல்ல விடல நாங்க.”

கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டாள். “ரோசம்மாக்கா, அந்தாளு லெட்டரெல்லாம் போலீசுக்கு ஆவும்னு பீரோல கட்டி வெச்சீங்களே, எடுத்துப் பிரிங்க. சீக்கிரம்!”

கையை எடுத்தாள்.

“சொல்லுங்க. பொண்ணு பேரு என்ன? ... ராணியம்மாளா. ... ராணி. சரி. நான் என்ன செய்யணும்? ... பாக்கறேன்னு சொல்லணுமா? ... அது பொய்யாச்சேங்க. நாளைக்கு அதுவே... ... ஆமா. மொதல்ல எறங்கட்டும். நெசம்தான். ... அவளுக்கு எப்படிக் கேக்கும்? ... மைக் செட்டா? ... டெலிபோன மைக்கு வாயில வெச்சுப் புடிப்பீங்க. சரி. ... ஆப்பரேட்டர்! லைன வெட்டிராதீங்க, புண்ணியமாப் போவும்! நீட்டுங்க, எவ்ளோ நேரம்னாலும் நீட்டுங்க. ... வெச்சுட்டீங்களா? மைக்குல வெச்சாச்சா?”

கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெரிய வெட்டவெளி காதுக்குள் திறந்தது.

ராஜமேரி எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். மெட்ராசில் பழகிய அந்தக் குரலைத் தேடி எடுத்தாள்.

“வணக்கம். எல்லாரும் நேரா நில்லுங்க. தொட்டி மேல நிக்கற ராணி, நீ ரொம்ப நல்லா நிக்கற. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

...பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவளுடைய குரலே ஒலிபெருக்கியில் பெரிதாகி, எதிலோ மோதி, ரிசீவர் வழியாக அவள் காதுக்கே திரும்பி வந்தது. யாரோ வேறொருத்தி பேசுகிற மாதிரி இருந்தது.

“இப்ப மெதுவா அந்தக் கால கீழ வை கண்ணு. ... மாதேஸ்வரன்? என்னங்க ஆச்சு? வெச்சாளா? ... என்ன கேக்கறா? ... கையில என்ன இருக்குன்னா? எந்தக் கையில? ... ஒரு கையால கம்பியப் புடிச்சிருக்கா. இன்னொண்ணு மூடியிருக்கு. என்ன வெச்சிருக்கா உள்ள? ... உங்களுக்கும் தெரியாதா? ... தப்பாச் சொல்லிட்டா? ... சொல்லுங்கய்யா, பரவால்ல, சொல்லுங்க. ... கம்பிய விட்டுருவாளாமா?”

சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ராஜமேரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கை. டிரில் செய்யும்போது எதற்குக் கையை மூடுவாள் ஒருத்தி? நானே சொல்லிக்கொடுத்தது ஏதாவது... முதல் வாரம். கையை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி. உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடிக்கொள்ளுங்கள், பிடி தளர்ந்தால் அது கீழே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று...

“மைக்குல வைங்க! ... ராணி! புளியங்கொட்டை வெச்சிருக்க நீ!”

...வெச்சிருக்க நீ. குரல் போய்த் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கூட்டத்தின் ஆரவாரம்.

“சரிதானா? சரியாச் சொல்லிட்டனா? ... அப்பாடா, மாதாவே. எறங்கறாளா? ... இன்னும் என்னவாம்? ... எத்தனையா? எத்தனை புளியங்கொட்டையா?”

திரும்பினாள். ரோசம்மா தரையில் உட்கார்ந்து, கடிதங்களை டர்ர் டர்ரென்று கிழித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். உறைமேல் விலாசம் மட்டுந்தான் அப்பன் எழுதியது. உள்ளே கோடு போட்ட நோட்டுத்தாள், குண்டுகுண்டான பென்சில் எழுத்து. ஒன்றுகூட அவன் எழுதியதில்லை. ராஜமேரி கடைசித் தேதியிட்ட கடிதத்தைப் பிடுங்கினாள். எழுத்துகள் கண்ணில் நிற்காமல் ஓடின. வாரத்துக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைத்தாளாம். ஒரு புதன்கிழமை ஊரில் கரண்ட் இல்லை, அந்த வாரத்துக்குக் கொட்டை கிடையாது, அதற்காக டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

பன்னிரண்டு வாரத்தில் ஒன்று போனால்...

“பதினொண்ணு! ராணி, உங்கையில பதினொண்ணு இருக்கு! ஒரு வாரம் உங்க ஊர்ல கரண்ட் இல்ல. எனக்குக் கோவமே இல்ல கண்ணு!”

...இல்ல கண்ணு.

அந்தப் பக்கம் பெண்கள் குலவை போட்டார்கள்.

“எறங்கறாளா? ... யாரும் கத்தாதீங்க, தலை கிறுகிறுக்கும் அவளுக்கு! ... ராணி, நான் சொல்றபடி செய். மூஞ்சி ஏணியப் பாக்கட்டும். கீழ பாக்காத. எடது கால்... வலது கால்... எடது... நல்லா இருக்கு... வலது... மூச்ச இழுத்து விடு... எடது... வலது... அவசரமே இல்ல... எடது...”

ரோசம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டே இருந்தாள். ராஜமேரி எத்தனை படி எண்ணினாளோ, தொண்டை வறண்டு குரல் கம்மியது.

“...வந்துட்டாளா? தரைக்கு வந்துட்டாளா? ... அழாதீங்கய்யா. அழாதீங்க, நீங்க அழுதா நானும்... ... கால்ல எல்லாம் எதுக்குங்க விழறது, அதும் டெலிபோன்ல! ... நான்தாங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேட்டுல வந்தப்பவே உள்ள கூப்புட்டிருந்தா... ... சரி. ... சரிங்க. பொண்ணுகிட்ட குடுங்க. குடுங்க, பேசறேன்.”

மேஜையில் சாய்ந்து நின்றாள். ரோசம்மா நீட்டிய தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். உண்மையை இப்போது சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை லீவு போட்டு நேரில் போய், பக்கத்தில் உட்காரவைத்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

“ஹலோ... ராணியா? ... நாந்தான் கண்ணு. ... ஆமா, டி.வி. டீச்சரேதான். ... கால் வலிக்குதா? கையெல்லாம் எரியுதா? ... தண்ணி குடிச்சியா? மோரு குடுக்கச் சொல்லு. ... ம், பாத்தேன். நல்லாத் தெரிஞ்ச. ... ஆமா, சடைகூடத் தெரிஞ்சுது. ... திங்கக்கெழம நானே உங்க ஊருக்கு வரேன். நெசமாத்தான். ... அந்தத் தொட்டி மேல மட்டும் இனி நீ ஏறவே கூடாது. சத்தியம்? ... சமத்து.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சின்னக் குரலில் அத்தனை சந்தோஷம். அதற்குப் பின்னால் ஆட்களின் பேச்சும் சிரிப்பும் டீ கிளாஸ் சத்தமும் கேட்டன.

“...அப்படியா? மைக்குல பேசுனது ஊரு பூரா கேட்டுச்சா? ... உன் கூட்டாளிங்களும் கேட்டாங்களா? ... ஓ, அவங்களையும் நான் பாக்கணுமாக்கும். அதுக்கென்ன, திங்கக்கெழம வந்து எல்லாரையும் நிக்கவெச்சு... ... இப்பவேவா? இப்ப எப்படி கண்ணு... ... என்ன? ... ‘அவ தெரியறாளா’வா? எவ? ... ராணி, உங்கப்பா எங்க? ... உங்கிட்டயேதான் நிக்கறாரா? பெரியவங்க எல்லாரும் ஆபீசுக்குள்ளதான் இருக்காங்களா?”

ராஜமேரி தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கண்ணு... இப்ப தொட்டி மேல நிக்கறது யாரு?”