பூங்காவனம் மெடலு

வெள்ளக்காரன் கொடி பறந்த காலமுங்க அது. பாலாத்துக்குத் தெக்கால கொக்கந்தாங்கல்னு ஒரு ஊரு. அந்த ஊருச் சேரியில கன்னியப்பன்னு ஒருத்தன் இருந்தானாம். மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே வெள்ளக்காரன் பட்டாளத்துல சேந்துட்டானாம். பாலம் கட்டற பட்டாளம், ரோடு போடற பட்டாளம்.

லீவுல வந்தான், பூங்காவனத்தக் கட்டிக்கிட்டான், திரும்பப் போயிட்டான். பர்மாவுக்குப் போனான், ஒரு மெடலு. சீனாவுக்குப் போனான், ஒரு மெடலு. அரபு தேசத்து பாஸ்ராவுக்குப் போனான், ஒரு மெடலு. அவன் அங்க மெடலு வாங்க வாங்க, இவ இங்க நாத்து நட்டா, களை எடுத்தா, மாமியாருக்குக் கஞ்சி ஊத்துனா. அவளை யாரு கேட்டா, சொல்லுங்க?

கடைசியில அவில்தாராத் திரும்பி வந்தானாம். நெஞ்சுல நாலு மெடலு. நாலாவது எதுக்குத் தெரியுமா? இத்தனை வருசம் ஒரு தப்புத்தண்டா இல்லாம ஒழுங்கா இருந்தான்னு குடுத்தது. பொண்டாட்டிக்குப் பம்பாயிலருந்து செவப்புச் செருப்பு வாங்கியாந்தான்.

"போட்டுக்க, சந்தைக்குப் போவலாம்."

அவ சிரிச்சாளாம். "எந்த வழியாய்யா? பெரிய தெரு வழியாத்தான போவணும்? அங்க நம்ம காலுல செருப்பு ஏறுமா? பட்டாளத்துல எல்லாத்தையும் மறந்துட்டியா?"

"இந்த மெடலைப் பாத்தா எவன் கேப்பான்?"னு பூட்ஸ் போட்டுக்கிட்டு முன்னால நடந்தான். பெரிய தெரு முனையில மணியக்காரர் நிக்கிறாரு. ஊரு அதிகாரமெல்லாம் அவரு கையில. என்ன சொன்னாருங்கறீங்க?

"கன்னியப்பா, மெடலு நெஞ்சுல இருக்கட்டும். பூட்ஸு கையில இருக்கட்டும்."

பூங்காவனம் புருசனையே பாக்கறா. கழட்டிடுவானோ? அடிச்சிடுவானோ? அவன் ரெண்டும் பண்ணல. பட்டாளத்துல திரும்பற மாதிரி டக்குனு திரும்பினான், வீட்டப் பாத்து நடந்தான்.

"பூங்காவனம், எத்தனையோ நாட்டுல வெள்ளக்காரனுக்கு ரோடு போட்டேன். என் பொண்டாட்டிக்கு ஒண்ணு போட மாட்டனா?"

மறுநாளே நாலு மெடலையும் குத்திக்கிட்டு தாசில்தாரப் பாக்கப் போனானாம். பெரிய தெருவத் தொடாம, ஏரிக்கரையோரம் பொறம்போக்குல ரோடு போட உத்தரவு கேட்டான். தாசில்தாரு எழுந்து நின்னு சலாம் வச்சு உத்தரவு குடுத்தாராம். சேரியே மண்வெட்டியத் தூக்குச்சு. கல்லு ஒடச்சாங்க, மண்ணு கொட்டி மேடாக்குனாங்க, ஓடைக்குக் குறுக்க பாலம் கட்டுனாங்க. ரோடு நேரா சந்தையில போயி நின்னுச்சு.

மொத மொத நடக்கப்போறது பூங்காவனம். செவப்புச் செருப்பு போட்டவ, நகர மாட்டேங்கறா.

"யோவ், நாலு மெடலும் உனக்கேவா? இத்தனை வருசம் ஒழுங்கா இருந்தது நீ மட்டுந்தானா?"

கன்னியப்பனுக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். நாலாவது மெடலைக் கழட்டி அவ மாராப்புல குத்தி, விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான். அவ அப்படியே சந்தைக்கு நடந்தா. ராணி தோத்தா போங்க!

அந்த ஐப்பசியில பேய் மழை. பெரிய தெருவுல இடுப்பளவு தண்ணி. மணியக்காரர் மக பிரசவ வலியில துடிக்கிறா. சந்தைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி போக ஒரே வழி, கன்னியப்பன் ரோடுதான். மணியக்காரர் ரோட்டு முனையில வந்து நின்னாரு. செருப்பு கையில. தலை குனிஞ்சிருக்குது. எல்லாரும் பூங்காவனத்தையே பாக்கறாங்க. அவ என்ன சொன்னா?

"செருப்பைக் காலுல போட்டுக்கினு வாங்கய்யா. எங்க ரோட்டுல யாரும் அதைக் கையில தூக்கக்கூடாது. வண்டிய ஓட்டுங்க, பொண்ணு வலியில துடிக்குது!"

தாயும் புள்ளையும் பொழச்சிக்கிச்சுங்க.

அன்னையிலருந்து அது செருப்பு ரோடு. இன்னைக்கும் எந்த வீட்டு மருமக வந்தாலும், செவப்புச் செருப்பு போட்டு, அந்த நாலாவது மெடலை மாராப்புல குத்தித்தான் அந்த ரோட்டுல கூட்டியாருவோம். பெரிய தெருக்காரங்களும் வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. மெடலு மேல வெள்ளக்காரன் என்னமோ எழுதி வச்சிருக்கான். எழுதிட்டுப் போவட்டும். எங்க ஊருல அதுக்குப் பேரு பூங்காவனம் மெடலு.